பன்னிரண்டாம் சஹனின் கோழி

எழுபத்திரண்டு பெண்களை ஐந்தே நிமிடத்தில் ஒருசேரக் கோபப்படுத்திய ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.) அதில் ஒரு பெண்ணோடுகூட எனக்கு அதற்கு முன் விரோதம் கிடையாது. பாதிப் பேர் என்னைக் குழந்தையில் தூக்கி வைத்திருந்தவர்கள். மீதிப் பேர் அன்றுதான் எங்களுக்குச் சொந்தமானவர்கள், அதாவது என் ராத்தாவை, அக்காவை, கட்டிய மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். கல்யாண வீட்டில், சாப்பாட்டு நேரத்தில், கையும் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தவர்களை நான் கோபப்படுத்தினேன். அதுவும் கம்பியூட்டர் வைத்து.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. மடவளையில் எங்கள் வீடு. ஏ.எல். பரீட்சை முடித்து, கண்டி டவுனில் இரண்டு வருட கம்பியூட்டர் கோர்ஸும் முடித்து, உலகத்தில் உள்ள எதையும் ஒரு புரோகிராம் எழுதிச் சரிப்படுத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த பருவம். கல்யாணத்துக்குச் சரியாகப் பத்து நாள் இருக்கும்போது கண்டியில் ஒரு சின்ன சொஃப்ட்வெயார் கம்பெனியில் இருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட மாதிரி வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் உம்மா சம்மதிக்கவில்லை. ராத்தாவின் கல்யாணச் சாரிக்கு லேஸ் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இன்டர்வியூவுக்கே போனேன். (லேஸும் வாங்கினேன். பொய் சொன்னாலும் ஒழுங்காகச் சொல்வேன்.)

இன்டர்வியூ செய்தவர் குகன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் படித்துவிட்டுக் கண்டியிலேயே தங்கிவிட்டவர். மெல்லிய குரலில்தான் பேசுவார். வெள்ளைப் பலகையில் ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக எழுதினார். அதற்குக் கீழே இப்படி எழுதினார்: ஆறு, ஒன்று, ஐந்து, இரண்டு, நான்கு, மூன்று.

“மேல இருக்கிறதைக் கீழ இருக்கிற மாதிரி மாத்தவேணும், தங்கச்சி. ஆகப் பெரிசு முதல், பிறகு ஆகச் சின்னன், பிறகு ரெண்டாவது பெரிசு, ரெண்டாவது சின்னன். இப்பிடியே கடைசிமட்டும். ஆறு எண்டாலும் சரி, ஆறாயிரம் எண்டாலும் சரி. எழுதுங்கோ பாப்பம்.”

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கணக்கு இது. இன்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று மூளை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலை, எண்களைச் சிறிசிலிருந்து பெரிசுக்கு அடுக்குவது. ஆகவே அதையே எழுதினேன். பத்து வரி. வியர்க்க வியர்க்க எழுதினேன்.

குகன் சேர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது ஏற்கெனவே ஒழுங்காத்தானே இருக்குது?”

“ஓ சேர். இப்ப இன்னும் ஒழுங்கா ஈக்குது” என்றேன்.

அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். “ஓம், பதட்டம் வாறதுதான். வாற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள், காலமை பத்து மணிக்கு இன்னொருக்கா வாங்கோ. அதுக்கிடையில வடிவா யோசியுங்கோ. ஆரின்ரையும் விடையைப் பாத்துப் பாடமாக்க வேண்டாம். எப்பிடி யோசிச்சனீங்கள் எண்டு கட்டாயம் கேப்பன்” என்றார்.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். உம்மா லேஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மொதல்ல ராத்தாட கல்யாணம் முடியட்டும். பொம்புளப் புள்ள ஒஃபிஸ் போனா மாப்புள வீட்டார் என்ன செல்லுவாங்களோ. அவங்கட உம்மா எப்புடிப்பட்ட ஆளோ தெரியாது. அதப் பாத்துட்டுத்தான் மத்தது.”

அவங்கட உம்மா என்றது ஜெஸீமா மாமியை. அலவத்துகொடைக்காரர். பெண் பார்க்க வந்த அன்று அவர் மூன்றே மூன்று வார்த்தைதான் பேசினார் என்பதால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் மேல் பயம் வந்துவிட்டது. ஆகவே என் வேலைக்கும் எனக்கும் நடுவில் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, ஆறு எண்கள். மற்றது, ஜெஸீமா மாமியின் அபிப்பிராயம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. இன்டர்வியூ மறுநாள்.

ஆறு நாள் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. வராதபோது மனிதர் செய்கிற காரியத்தையே நானும் செய்தேன். தெரியாததை விட்டுவிட்டு, தெரிந்ததை வைத்து ஊருக்குப் படம் காட்டப் புறப்பட்டேன்.

எங்கள் கல்யாணச் சாப்பாடு சஹனில்தான் என்பது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய வட்டத் தட்டு ஒன்று, அதுதான் சஹன். அதில் குவியலாக நெய்ச்சோறு, மேலே முழுசாகப் பொரித்த ஒரு கோழி, பக்கத்தில் இறைச்சிக் கறி, கத்தரிக்காயைப் பொரித்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்த மோஜு, அன்னாசி அச்சாறு. சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஐந்தும் கிடையாது, ஏழும் கிடையாது, ஆறுதான். சமையல்காரரும் சஹன் கணக்கில்தான் சமைப்பார், கோழியும் சஹன் கணக்கில்தான். இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. அவரவர் கூட்டாளிகளோடு ஆறு ஆறாகச் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் கைப்பையோடு நடுவில் நின்று, எந்தச் சஹனில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருப்பார். அதற்கு முந்திய மாதம் நடந்த ஒரு கல்யாணத்தில் அப்படித் தேடியது மாப்பிள்ளையின் பெரியும்மா. அந்தக் கதை மடவளையைத் தாண்டி அக்குறணை வரைக்கும் போய்விட்டது.

“எங்கட கல்யாணத்துல மட்டும் அப்புடி நடந்துச்சோ, நான் அலவத்துகொட பக்கம் தல வெச்சும் படுக்க மாட்டன்” என்றார் உம்மா.

நான் லெப்டொப்பை மூடிவிட்டு எழுந்தேன். “உம்மா, பொம்புள பக்கத்த என்கிட்ட தாங்கோ. நான் புரோகிராம் எழுதி ஆருக்கு எந்தச் சஹன் எண்டு கார்ட் அடிச்சித் தாறன்.”

உம்மா நம்பவில்லை. ஆனால் உம்மாவின் தங்கை நூரா சாச்சி நம்பினார். சாச்சிக்குப் புதிய எதுவும் பிடிக்கும். “செய்யட்டுமே. ரெண்டு வருஷம் எனத்த படிச்ச எண்டு நாங்களும் பாக்கோணுமே” என்றார். (இது ஆதரவா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

யார் எங்கே இருப்பது என்பதற்கு ஒரு விதி வேண்டுமே. மூத்தவர்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும், அதுதானே மரியாதை. ஆகவே வயதுப்படி அடுக்குவோம் என்று முடிவு செய்தேன். ஆக மூத்த ஆறு பேர் முதலாம் சஹன், அடுத்த ஆறு பேர் இரண்டாம் சஹன், இப்படியே பன்னிரண்டு வரை. அடுக்குவதுதான் எனக்குத் தெரிந்த வேலை என்று முன்பே சொன்னேன்.

வயதுகளைச் சேர்க்கிற பாடு இருக்கிறதே, அதுவே தனிக் கட்டுரை. யாரிடமும் நேரே கேட்க முடியாது. உம்மாவும் சாச்சியும் கட்டிலில் உட்கார்ந்து அனுமானித்தார்கள், நான் தட்டினேன்.

“ஹிதாயா மாமி?”

“எழுதுங்கோ அறுபது.”

“அவட தங்கச்சி ஸுலைஹா டீச்சர்?”

“அவ எனக்குப் பதினேழு நோன்பு மூப்பு” என்றார் உம்மா. நோன்புக்கு ஒரு வயது, அதுதான் உம்மாவின் கணக்கு.

“பதினேழா? இருபது ஈக்கும். நான் ஓதப் போற காலத்துல அவ படிப்பிச்சாவே” என்றார் சாச்சி.

இருபது என்று போட்டேன். அந்த நேரம் உம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து. அறுபத்தைந்து என்று கம்பியூட்டர் கணக்குப் பார்த்தது. தங்கை அக்காவை விட ஐந்து வயது மூத்தவராகிவிட்டதை நாங்கள் மூவரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வயதுகளை மாப்பிள்ளையின் தங்கை போனில் சொன்னாள். அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை புரோகிராமை ஓடவிட்டேன். எழுபத்திரண்டு பேரும் ஒரு நொடியில் பெரிசிலிருந்து சிறிசுக்கு இறங்கி நின்றார்கள். ஆறு பேர் வீதம், மிச்சமே இல்லாமல் பன்னிரண்டு சஹன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சாச்சி அழகான கையெழுத்தில் எழுபத்திரண்டு கார்ட் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பகல். மண்டபத்தில் பெண்கள் பக்கம் சின்னச் சின்ன மேசைகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு கதிரை. வாசலில் நின்று நானே கார்ட் கொடுத்தேன். யாரும் இடம் தேடவில்லை, யாரும் கைப்பையோடு நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் எல்லோரும் இருந்துவிட்டார்கள். உம்மா தூரத்தில் இருந்து என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் பாதி வேலை கிடைத்துவிட்டதாக நினைத்தேன். மூடிய சஹன்கள் வந்து இறங்கின.

அப்போது இரண்டாம் சஹனில் இருந்து ஸுலைஹா டீச்சர் எழுந்தார். டீச்சர் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இது எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் நான் யோசிக்கவில்லை. அவர் தன் கார்டைப் பார்த்தார். முதலாம் சஹனைப் பார்த்தார். அங்கே ஆறு ஊன்றுகோல் மேசையில் சாய்ந்திருந்தன. பிறகு கடைசி மேசையைப் பார்த்தார். அங்கே ஆறு சின்னப் பெண்கள். அவருடைய விரல் காற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது.

“ஓஹோ” என்றார். “விளங்கிட்டு. இது வயசுப்படி.”

மண்டபத்தில் சட்டென்று சத்தம் நின்றது. பிறகு எழுபத்திரண்டு பேரும் தங்கள் கார்டைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்துச் சஹனைப் பார்த்தார்கள். அதன் பிறகு வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

“நான் எப்புடி இவளுக்கு முந்தின சஹன்ல?” “அவ என்ட உம்மாட கூட்டாளி, அவ எப்புடி ஆறுல?” “ஆர் புள்ள உங்களுக்கு என்ட வயசு செல்லித் தந்த?” மாப்பிள்ளையின் சின்னம்மா ஒருவர் நாலாம் சஹனில் இருந்து ஏழாம் சஹனுக்குத் தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் சஹனில் இருந்த ஹிதாயா மாமி மட்டும் சந்தோஷமாக இருந்தார். தங்கை இரண்டில், தான் மூன்றில். “விடுங்கோ ஸுலைஹா, கம்பியூட்டர் பொய் செல்லாதே” என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடியும் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

இது போதாது என்று முதலாம் சஹனில் இன்னொரு பிரச்சினை. அங்கே இருந்தவர்களில் ஆக மூத்தவர் நபீஸா பெரியம்மா. அவர் கோபிக்கவில்லை, அவருக்குக் காது கேட்காது. மூடியைத் திறந்துவிட்டு, ஆறு பேரும் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழியும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. சஹனில் எப்போதும் யாராவது ஒரு இளம் கை கோழியைப் பிய்த்து, நல்ல துண்டை மூத்தவர்கள் பக்கம் தள்ளிவிடும். பிறந்ததில் இருந்து பார்த்து வருகிறேன், நானே செய்திருக்கிறேன். அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. இங்கே பன்னிரண்டு கைகள், எல்லாவற்றுக்கும் மூட்டு வலி. ஒருவர் கரண்டியால் குத்திப் பார்த்தார். கோழி வழுக்கி அடுத்தவர் பக்கம் போனது.

பெரியம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “மகள், இத பிச்சித் தாறதுக்கு ஒரு குட்டிய அனுப்புங்கோ.”

நான் பன்னிரண்டாம் சஹனைத் திரும்பிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆறு பேர். அங்கே மூடி திறந்திருந்தது. கோழி இருந்த இடத்தில் எலும்பு இருந்தது. மண்டபமே சண்டை பிடித்த அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் காரியத்தை முடித்திருந்தார்கள்.

“இன்னொரு கோழி வருமா?” என்றாள் ஒருத்தி, மூடியைத் திரும்ப வைத்துக்கொண்டே.

உம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. “என்ன செய்து வெச்சீக்கிற பாருங்கோ” என்றார், சத்தம் போடாமல். உம்மா சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. சத்தம் போடாமல் சொன்னதுதான் நெஞ்சில் இறங்கியது. வேலையும் போயிற்று, மானமும் போயிற்று, ராத்தாவுக்கு மாமியார் வீட்டில் முதல் நாளே பேச்சு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அழுகையை அடக்கிக்கொண்டு கடைசி மேசையில் ஒரு சின்னப் பெண்ணை எழுப்பி நபீஸா பெரியம்மாவிடம் அனுப்பினேன். அவள் போய் நின்றதும் இடம் போதவில்லை. ஆகவே முதலாம் சஹனில் இருந்து ஒருவரை எழுப்ப வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் சஹனில் இருந்து, “எங்களுக்கும் ஒரு குட்டி அனுப்புங்கோ” என்றார்கள். மூன்றாம் சஹனும் கை உயர்த்தியது. மேலே இருந்து ஒருவர் போக, கீழே இருந்து ஒருவர் வர.

என் கையில் எழுபத்திரண்டு பெயர் இருந்த தாள். ஒரு விரல் மேலே நபீஸா பெரியம்மாவின் பெயரில் இருந்தது. மற்ற விரல் கீழே ஆகச் சின்னப் பெண்ணின் பெயரில் இருந்தது. ஆகப் பெரிசு, ஆகச் சின்னன். ரெண்டாவது பெரிசு, ரெண்டாவது சின்னன்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆறு நாள் லெப்டொப்பில் தேடிய விடை, நெய்ச்சோற்று வாசனைக்கு நடுவில், என் இரண்டு விரல்களுக்கு இடையில் இருந்தது. மறுபடி அடுக்கவே தேவையில்லை! அடுக்கியது அடுக்கியபடி இருக்கட்டும். மேல் விரல் ஒரு படி இறங்கும், கீழ் விரல் ஒரு படி ஏறும், நடுவில் சந்திக்கும்போது வேலை முடிந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த மரியாதையும் பார்க்காமல் சொல்கிறேன், ராத்தாவுக்குக் கல்யாணம் என்பதே மறந்துவிட்டது.

கதிரையில் ஏறி நின்றேன். (சாரியோடு. அதை நூரா சாச்சி இன்றும் மன்னிக்கவில்லை.)

“எல்லாரும் மன்னிச்சுக்கோங்கோ! கம்பியூட்டர் பிழைச்சிட்டு! அந்தக் கார்ட் எல்லாம் பிழை. இப்ப நான் வாசிக்கிறதுதான் சரியான லிஸ்ட். பேர் கூப்பிட்டதும் வந்து இருங்கோ!”

“அதானே பாத்தன்” என்றார் ஸுலைஹா டீச்சர், மண்டபம் முழுவதும் கேட்க. அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பாவம் கம்பியூட்டர், அது ஒரு பிழையும் செய்யவில்லை. தன் பிழையைக் கம்பியூட்டர் மேல் போடுவது எங்கள் தொழிலின் முதல் பாடம், அதை நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே கற்றுவிட்டேன்.

கூப்பிட ஆரம்பித்தேன். மேலே இருந்து ஒன்று, கீழே இருந்து ஒன்று. நபீஸா பெரியம்மா, பக்கத்தில் ஒரு சின்னப் பெண். அடுத்த பெரியம்மா, அடுத்த சின்னப் பெண். ஆறு ஆனதும் அடுத்த மேசை. ஒவ்வொரு மேசையிலும் மூன்று மூத்தவர், மூன்று இளையவர், மாறி மாறி. இப்போது மேசையைப் பார்த்து யார் வயதையும் கண்டுபிடிக்க முடியாது. முதலாம் சஹனில் கோழி பிய்ந்தது. இரண்டாம் சஹனில் பிய்ந்தது. சின்னப் பெண்கள் நெஞ்சுத் துண்டை மூத்தவர்கள் பக்கம் தள்ளினார்கள். மூத்தவர்கள் தங்களுக்கு மெல்ல முடியாததை எல்லாம் சின்னவர்கள் பக்கம் தள்ளினார்கள். ஒரு பிள்ளை நபீஸா பெரியம்மாவின் காதில் ஏதோ கத்திச் சொல்ல, அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மண்டபத்தில் சாப்பிடுகிற சத்தம் வந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

விரல்கள் இரண்டும் நெருங்கிக்கொண்டே வந்தன. கடைசி ஆறு பேர், லிஸ்ட்டின் நட்ட நடுவில் இருந்தவர்கள், எல்லோரும் நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. நூரா சாச்சி. இன்னும் மூன்று பேர். கடைசி இரண்டு பெயர்களில் விரல்கள் ஒட்டி நின்றபோதுதான் வாசித்துப் பார்த்தேன். ஒன்று உம்மா. மற்றது ஜெஸீமா மாமி.

அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். பன்னிரண்டாம் சஹனில்.

பன்னிரண்டாம் சஹன் என்றதும் எனக்கு என்னவோ செய்தது. என்னவென்று ஞாபகம் வருவதற்குள் ஜெஸீமா மாமி மூடியைத் தூக்கிவிட்டார். உள்ளே சோறு, கறி, கத்தரிக்காய் மோஜு, நடுவில் துப்புரவாக நக்கிய ஒரு கோழி எலும்புக்கூடு.

உம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் குசினிக்கு ஓடினேன். கோழி எண்ணித்தான் பொரித்திருந்தார்கள், ஆண்கள் பக்கமும் எல்லாம் இறங்கிவிட்டது. வெறும் கையோடு திரும்பி வந்து அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளையின் உம்மாவுக்கு, அவர் மகன் கல்யாணத்தில், எலும்புக்கூடு பரிமாறியிருக்கிறேன்.

“நீங்க சாப்பிட்டீங்களா?” என்றார் ஜெஸீமா மாமி. என்னைத்தான் கேட்டார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. லிஸ்ட்டில் என் பெயரையே போட மறந்திருந்தேன்.

“எனக்கு... சஹன் இல்ல மாமி.”

மாமி என்னைப் பார்த்தார். எலும்புக்கூட்டைப் பார்த்தார். பிறகு அந்த மூன்று வார்த்தைக்காரர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தள்ளி உட்கார்ந்து தன் கதிரையில் பாதியை எனக்கு விட்டார். “இருங்கோ. இந்தச் சஹன்ல ஏழு பேர் சாப்பிடலாம், கோழிதான் எடம் அடைக்கல்லியே.”

உம்மா தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார். “சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிட்டா.”

“எனத்துக்கு மன்னிப்பு?” என்றார் மாமி, சோற்றைப் பிசைந்துகொண்டே. “எழுபத்திரண்டு பொம்புளயள இருத்தி, எழுப்பி, திருப்பி இருத்தி ஈக்கிறா. ஒராளும் கோவிச்சிட்டு ஊட்டுக்குப் போகல்ல. எங்கட ஊட்டுல நாலு பேர எடம் மாத்தி இருத்தினா மூணு பேர் ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பேச மாட்டாங்க. புள்ள எங்க வேல செய்ற?”

சாச்சி அச்சாறை மிகவும் கவனமாக எடுத்துச் சாப்பிட்டார்.

“வேலைக்கு... நாங்க இன்னும் அனுப்பல்ல” என்றார் உம்மா. “நாளைக்கு ஒரு இன்டர்வியூ ஈக்குது. ஆனா, நீங்க எல்லாம் என்ன நெனப்பீங்களோ எண்டு...”

“நாங்களா?” மாமியின் கை நின்றது. “எங்கட பேரச் செல்லியா புள்ளய ஊட்டுல வெச்சீக்கிற? என்ட மூத்த மருமகள் தினமும் பேராதனைக்கு வேலைக்குப் போற. அவட சாப்பாட்டுப் பாக்ஸ நான்தான் கட்டிக் குடுக்கிற. காலையில எத்தன மணிக்கு புள்ள இன்டர்வியூ?”

“பத்து” என்றேன், வாய் நிறையச் சோற்றோடு.

“அப்ப எட்டு மணி பஸ்ஸ எடுங்கோ. கட்டுகஸ்தோட்டையில ட்ரெஃபிக்.”

உம்மா கத்தரிக்காய் மோஜுவில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து மாமியின் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு இன்னொரு துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். அது சம்மதம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கத்தரிக்காயைச் சாப்பிடும்போது நான் உண்மையாகவே அழுதேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் ஒன்பதரைக்கே குகன் சேரின் முன்னால் இருந்தேன். வெள்ளைப் பலகையில் எட்டே வரியில் எழுதினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“ஓம், சரி. எப்பிடி யோசிச்சனீங்கள்?”

சொன்னேன். ஊன்றுகோலில் தொடங்கி எலும்புக்கூடு வரை. அவர் முதலில் புன்னகைத்தார், பிறகு கதிரையில் சாய்ந்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் மெல்லிய குரலை மறந்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து அறையில் இருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“சரி, ஒரு கேள்வி. ஆக்கள் எழுபத்திமூண்டு எண்டா? நடுவில மிஞ்சிற ஆளை என்ன செய்வியள்?”

இந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர் கண்டி மாவட்டத்தில் இருக்க முடியாது. “ரெண்டு விரலும் ஒரே பேர்ல வந்து நிக்கும் சேர். அவவ ஒரு தரம்தான் கூப்பிடோணும். ரெண்டு தரம் கூப்பிட்டா ரெண்டு கதிரையில இருப்பா.”

“எப்ப வேலைக்கு வாறீங்கள்?” என்றார் குகன் சேர்.

அந்த வாரமே போனேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நான்தான் அந்தக் கணக்கைக் கொடுக்கிறேன். யாராவது ஒழுங்காக இருப்பதை மறுபடி ஒழுங்காக்கினால் நான் சிரிப்பதில்லை. இன்னொரு திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

உம்மாவுக்கும் ஜெஸீமா மாமிக்கும்தான் அன்றைக்குப் பெரிய இலாபம். அவர்கள் அன்றிலிருந்து இணைபிரியாத கூட்டாளிகள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரே சஹனில்தான் இருப்பார்கள். சஹன் வந்ததும் இருவரும் சேர்ந்து மூடியைத் தூக்குவார்கள், கோழியை அப்படியே முழுசாக எடுத்து அடுத்த மேசைக்குக் கொடுத்துவிடுவார்கள், கத்தரிக்காய் மோஜுவைத் தொட்டுக்கொண்டு ஸ்கூல் பிள்ளைகள் மாதிரிச் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவார்கள். கூட இருக்கிற நாலு பேரும் பாவம், ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏன் என்று யாராவது கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டுவார்கள்.

எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. நான் எப்போதும் அடுத்த மேசையில்தான் இருப்பேன். எங்கள் சஹனுக்கு இரண்டு கோழி.